மாமாவின் நெஞ்சில் ஒட்டிய இரண்டு ஊசி

மாமா வீட்டு மாடிக்குப் பதினேழு படிகள். அந்த வருஷம் அவர் ஐந்தாவது படியில் ஒருமுறையும் பதினோராவதில் ஒருமுறையும் நின்றுதான் ஏறினார். இடது கை சுவரில் ஊன்றியிருக்கும். வலது கையின் நடுவிரல் சட்டையின் மேல் பொத்தானுக்குள் போகும். கழுத்துக் குழிக்குச் சற்றுக் கீழே மார்பெலும்பின் மேல் ஓரிடத்தை அழுத்துவார், விடுவார், மறுபடி அழுத்துவார். காலிங் பெல் அடிப்பது போலவே இருக்கும்.

“உள்ளே யாராவது இருக்காங்களான்னு பாக்குறேன் மாப்ள” என்பார். அப்புறம் மீதிப் படிகள்.

அந்த இடத்தில் பிளாஸ்திரிக்கு அடியில் இரண்டு குட்டி ஊசிகள் இருந்தன. காலண்டர் மாட்டும் குண்டூசியை உளுந்து அளவுக்குச் சுருக்கினால் எப்படி இருக்கும், அப்படி. தோலுக்குள் போனது ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். அக்குபங்சர் ஊசி. மூச்சு முட்டும்போது அவரே அழுத்திக்கொள்ள வேண்டும் என்று சொல்லி ஒரு டாக்டரம்மா ஒட்டிவிட்டது.

போன மாதம் அலுவலக நண்பர் ஒருவர் போன் செய்தார். அவருடைய அப்பாவுக்கும் மாமாவுக்கு வந்த அதே புற்றுநோய். “உங்க மாமாவுக்கு அக்குபங்சர் பாத்தீங்களே, கேட்டுச்சா?” என்றார். ஆமாம், இல்லை என்று ஒற்றைச் சொல்லில் முடிக்க முடியவில்லை. அரை மணி நேரம் பேசியும் பாதிதான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

மாமாவுக்கு வந்தது மீசோதீலியோமா. நுரையீரலைச் சுற்றிப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில் வரும் புற்றுநோய். பெரும்பாலும் இதற்கு ஒரே காரணம்தான், கல்நார். ஆஸ்பெஸ்டாஸ் என்றால்தான் நமக்குச் சட்டென்று விளங்கும், ஆனால் எனக்குக் கல்நார் என்ற சொல்தான் பிடிக்கும். கல்லாகவும் இருக்கும், நாராகவும் உரியும். அந்த நார் மூச்சோடு உள்ளே போய் உறையில் தங்கிவிட்டால் உடம்பால் அதைக் கரைக்க முடியாது. இருபது, முப்பது, நாற்பது வருஷம் கழித்து நோய் வரும்.

மாமாவுக்குச் சரியாக நாற்பது. 1978-இல் பதினெட்டு வயதில் ஒரு ஒப்பந்தக்காரரிடம் ‘லேகிங்’ வேலைக்குச் சேர்ந்தார். சர்க்கரை ஆலைகளில் அரவை முடிந்ததும் பாய்லரைத் திறந்து பழுது பார்ப்பார்கள். அப்போது நீராவிக் குழாய்களின் மேலிருக்கும் பழைய காப்பைத் தட்டி உதிர்த்துவிட்டு, புதிதாகக் கல்நார்க் கயிறு சுற்றி மேலே பூச்சுப் பூச வேண்டும். “பொடியை அண்டாவுல கொட்டித் தண்ணி ஊத்திக் கையாலயே பிசைவோம்டா, இட்லி மாவு மாதிரி. வெயில் ஜன்னல் வழியா விழுந்தா அந்தத் தூசி மின்னும் பாரு, அவ்ளோ அழகா இருக்கும்” என்று சொல்லியிருக்கிறார். முகத்துக்கு ஒரு துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு. 1992-இல் அந்த வேலையை விட்டுவிட்டுப் பண்ருட்டியில் முந்திரி வியாபாரத்துக்கு வந்தார். நார் கூடவே வந்துவிட்டது.

2017 ஐப்பசியில் இருமல். நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்றார்கள். நம் ஊரில் நெஞ்சில் நீர் என்றால் முதலில் டி.பி. என்றுதான் நினைப்பார்கள், பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். மாமாவுக்கும் டி.பி. மாத்திரை கொடுத்தார்கள். நீரை எடுக்க எடுக்க ஊறியது. 2018 சித்திரையில்தான் சென்னையில் நெஞ்சுக்குள் குழாய்விட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு அந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி: “சின்ன வயசுல என்ன வேலை பாத்தீங்க?” அதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

இந்த இடத்தில் சட்டம் பற்றி ஒரு வார்த்தை. 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கல்நார்த் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது ஓய்வுக்குப் பின் 15 ஆண்டுகள், எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. மாமாவின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஒப்பந்தக்காரர் கொடுத்த கூலி கையோடு போய்விட்டது, ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. இங்கிலாந்து 1999-இலேயே எல்லா வகைக் கல்நாரையும் தடை செய்தது. நம் நாட்டில் தோண்டி எடுப்பதை நிறுத்திவிட்டார்கள், இறக்குமதி செய்து கூரை ஷீட் போடுவதை நிறுத்தவில்லை. சரி, அது தனிக் கதை.

கீமோ தொடங்கியது. பெமெட்ரெக்ஸெட், சிஸ்பிளாட்டின் என்று இரண்டு மருந்து. இவற்றைச் சேர்த்துக் கொடுத்தால் சராசரி ஆயுள் 9 மாதத்திலிருந்து 12 மாதமாகிறது என்று 2003-இல் வந்த ஆய்வு சொன்னது. மூன்று மாதம் என்பது படிக்கும்போது சின்னதாகத்தான் தெரியும். இந்த மருந்தோடு தினமும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையும், ஒன்பது வாரத்துக்கு ஒருமுறை பி12 ஊசியும் கட்டாயம். அவை இல்லாமல் மருந்து ஏறினால் ரத்த அணுக்கள் விழுந்துவிடும், வாயெல்லாம் புண்ணாகும்.

முதல் கீமோ முடிந்து வாந்தி. வயிற்றில் ஒன்றும் இல்லாமலே வரும் வாந்தி. அத்தை ரசம் சாதத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே நடப்பார். அந்தச் சமயத்தில்தான் நான் அந்த வேலையைச் செய்தேன். கூட்டிப்போனது நான்தான், வேறு யாரையும் சொல்ல முடியாது.

தமிழ்நாட்டில் அக்குபங்சர் என்றால் பாதிப் பேருக்கு ஊசியே நினைவுக்கு வராது. தொடு சிகிச்சை. ஹீலர் நாடி பார்ப்பார், கையிலோ காலிலோ ஒரே ஒரு புள்ளியை விரலால் தொடுவார், முடிந்தது. கட்டணம் கேட்க மாட்டார், உண்டியல் இருக்கும். பசித்தால் சாப்பிடு, தாகம் எடுத்தால் குடி, சீக்கிரம் தூங்கு என்பார். இதிலெல்லாம் எனக்குப் புகார் இல்லை. என் அம்மாவின் முழங்கால் வலியும் ஒரு நண்பனின் ஒற்றைத் தலைவலியும் அங்கே போய்க் குறைந்ததாகச் சொன்னார்கள். வாந்திக்கு ஏதாவது செய்வார் என்று நம்பித்தான் மாமாவை அழைத்துப் போனேன்.

அவர் மாமாவின் மணிக்கட்டைப் பிடித்துக் கண்ணை மூடினார். ஒரு நிமிடம் இருக்கும். காலில் ஒரு புள்ளியைத் தொட்டார். பிறகு சொன்னார்: “நோய்னு ஒண்ணு இல்லைங்க. கழிவு தேங்கியிருக்கு. வாந்தி வருதுன்னா உடம்பு கழிவை வெளியேத்துது, சந்தோஷப்படுங்க. மருந்து எல்லாத்தையும் நிறுத்துங்க, ரசாயனம்தான் உங்க கழிவே.” சீனாவில் மயக்க மருந்தே இல்லாமல், ஊசி குத்தியே ஒரு அமெரிக்கப் பத்திரிகையாளருக்கு ஆபரேஷன் செய்தார்கள் என்ற கதையையும் சொன்னார்.

அந்தக் கதையை நான் பிறகு தேடிப் படித்தேன். ஜேம்ஸ் ரெஸ்டன், நியூயார்க் டைம்ஸ் பத்திரிகைக்காரர், 1971-இல் பீஜிங்கில் குடல்வால் அறுவை. அறுவை நடந்தது வழக்கமான மரத்துப்போகும் மருந்து கொடுத்துத்தான். மறுநாள் ராத்திரி வயிற்று உப்பசம் வந்தபோதுதான் ஊசி குத்தினார்கள். அவரே அப்படித்தான் எழுதியிருக்கிறார். அரை நூற்றாண்டாகக் கதை ஊர் ஊராகப் போய்ப் பெருத்துவிட்டது.

மாமா பதினோரு நாள் எல்லா மாத்திரையையும் நிறுத்தினார். எங்களிடம் சொல்லவில்லை. ஃபோலிக் ஆசிட் பட்டையை அத்தை தலையணை உறைக்குள் கண்டுபிடித்தார். “சும்மா இருக்குற உடம்புல ரசாயனம் எதுக்குன்னுதான்...” என்று இழுத்தார் மாமா. என்னைப் பார்க்கவில்லை. இரண்டாம் கீமோவைத் தள்ளி வைத்தார்கள். அந்த இடைவெளியில் நீர் மறுபடி ஏறியது.

அந்தப் பதினோரு நாளால்தான் எல்லாம் கெட்டது என்று சொல்ல மாட்டேன். அந்த நோய் அப்படித்தான். ஆனால் நீர் எடுக்க மறுபடி பெரிய ஊசியை முதுகில் இறக்கியபோது அவர் என் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்.

வாந்திக்கும் மூச்சுக்கும் என்ன வழி என்று சென்னை டாக்டரிடம் கேட்டபோது, தலையைச் சொறிந்துகொண்டே ஹீலர் விஷயத்தையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். “அக்குபங்சர்தானே? நம்மகிட்டயே ஒருத்தர் இருக்காங்களே” என்று கீழ்த் தளத்துக்கு அனுப்பினார். யோகா, இயற்கை மருத்துவம் படித்த டாக்டர். முப்பது வயதுக்குள் இருக்கும். அந்தப் படிப்பில் அக்குபங்சரும் ஒரு பாடம் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். முதலில் அவர் கேட்டது ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், அடுத்து ஸ்கேன். எந்தப் பக்கம் கட்டி, நீர் எடுத்த துளை எங்கே என்று பார்த்துக் குறித்துக்கொண்டார். பிறகு மாமாவிடம் சொன்ன முதல் வாக்கியம் இதுதான்:

“ஐயா, இது கட்டியைக் கரைக்காது. மேல டாக்டர் குடுக்குற எதையும் நிறுத்தக் கூடாது. நிறுத்துனீங்கன்னா நான் ஊசி போட மாட்டேன்.”

மாமாவுக்கு அவரை உடனே பிடித்துவிட்டது. எனக்கும்தான்.

வாந்திக்கு அவர் எடுத்துக்கொண்டது மணிக்கட்டின் உட்புறம். மணிக்கட்டு ரேகையிலிருந்து மூன்று விரல் அகலம் மேலே, இரண்டு நரம்பு போலப் புடைத்துத் தெரியும் தசைநாண்களுக்கு நடுவே ஒரு புள்ளி. பி6 என்கிறார்கள். 1997-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, அறுவைக்குப் பிறகும் கீமோவுக்குப் பிறகும் வரும் வாந்திக்கு அக்குபங்சர் உதவுகிறது என்று ஒப்புக்கொண்டது இந்தப் புள்ளியை வைத்துச் செய்த ஆய்வுகளால்தான். இதற்கு ஊசிகூட வேண்டாம், வீட்டில் கட்டைவிரலால் அழுத்தினாலே போதும் என்று அத்தைக்கும் காட்டிக் கொடுத்தார். அத்தை டி.வி. பார்த்துக்கொண்டே மாமாவின் கையை மடியில் போட்டு அழுத்திக்கொண்டிருப்பார். வாந்தி மாத்திரையும் போய்க்கொண்டுதான் இருந்தது. எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது.

ஊசி என்றதும் மாமாவுக்குப் பயம், நெஞ்சு நீர் எடுத்த ஊசியைப் பார்த்தவர் ஆயிற்றே. இதன் தடிமன் கால் மில்லிமீட்டர். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கும் சதையில் முதல் ஊசி இறங்கியதும் கண்ணைத் திறந்து, “குத்துன மாதிரி இல்லம்மா. உள்ளாற யாரோ கனமா அழுத்துறாப்ல இருக்கு” என்றார். அந்தக் கனம் வரத்தான் வேண்டும் என்றார் டாக்டர். தோள்பட்டையில் குத்தும்போது சதையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டு, கிடைமட்டமாக ஊசியைவிட்டார். நேராகக் குத்தினால் என்ன என்று கேட்டேன். “கீழே நுரையீரலோட உச்சி இருக்கு. அதுல ஓட்டை விழுந்தா காத்து வெளியே வந்து இருக்குற மூச்சும் போயிடும்” என்றார். மார்பெலும்பின் மேல் அந்தக் குட்டி ஊசிகளை வைப்பதும் அதனால்தான், அங்கே தோலுக்குக் கீழே எலும்பு காவல் இருக்கிறது. கீமோ ஏறி எட்டாம் நாளிலிருந்து ரத்த அணுக்கள் தேறும்வரை ஊசியே கிடையாது, ஒட்டியதையும் எடுத்துவிடுவார். வீட்டுக்கே வந்து ஊசி போடுகிறேன் என்று யாராவது சொன்னால், போன் செய்த நண்பர் அவரிடம் முதலில் கேட்க வேண்டியது இவற்றைத்தான் என்று நினைக்கிறேன். ரத்த ரிப்போர்ட் கேட்காதவரிடம் கையை நீட்டக் கூடாது.

மூச்சு முட்டலுக்கு மார்பெலும்பில் ஊசி ஒட்டும் யோசனை லண்டன் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனையில் வளர்ந்தது. ஜாக்குலின் ஃபில்ஷி என்ற மருத்துவரும் கூட இருந்தவர்களும் 1996-இல் இருபது புற்றுநோயாளிகளிடம் செய்து பார்த்ததில் பதினான்கு பேர் மூச்சு இலகுவானது என்றார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாத சின்ன ஆய்வு. அடுத்து 2016-இல் வந்ததுதான் எங்களுக்கு நேரடியாகப் பொருந்தியது. நுரையீரல் புற்றுநோயோ மீசோதீலியோமாவோ இருந்த 173 பேர். மூன்று குழு. ஒன்றுக்கு ஊசி, ஒன்றுக்கு மார்பின் (morphine) என்ற கடுமையான வலி மருந்து, ஒன்றுக்கு இரண்டும். நான்கு மணி நேரத்தில் மூச்சு முட்டல் சொல்லும்படியாகக் குறைந்தவர்கள் ஊசிக் குழுவில் 74 விழுக்காடு, மார்பின் குழுவில் 60, இரண்டும் சேர்ந்ததில் 66.

74 என்றதும் எனக்கு நெஞ்சு துள்ளியது. டாக்டர்தான் அடக்கினார். இந்த வித்தியாசம் புள்ளியியல்படி வித்தியாசமே இல்லை, மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்றுமே செய்யாமல் விட்ட குழு என்று அதில் எதுவும் இல்லை, ஆகவே பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் அக்கறையாகத் தொட்டதற்கு எவ்வளவு பங்கு, ஊசிக்கு எவ்வளவு பங்கு என்று தெரியாது. ஆனால் ஊசி பெற்றவர்களிடம் இறுக்கம் தளர்ந்து மனம் இலகுவானது மார்பின் மட்டும் எடுத்தவர்களைவிடத் தெளிவாகத் தெரிந்தது. ஊசிக் குழுவில் ஐந்தில் ஒருவருக்குத்தான் பிறகு மார்பினும் தேவைப்பட்டது.

பொய் ஊசி என்று ஒன்று இருப்பதையும் அவர்தான் சொன்னார். நாடகத்தில் குத்தும் கத்தி போல, தோலில் பட்டதும் கைப்பிடிக்குள் போய்விடும் ஊசி. ஜெர்மனியில் 1998-இல் செய்தார்கள். அதை வைத்து ஒப்பிடும்போது நிஜ ஊசிக்கும் பொய் ஊசிக்கும் உள்ள தூரம் பல ஆய்வுகளில் சுருங்கிவிடுகிறது. “அப்போ இது வெறும் நம்பிக்கையாம்மா?” என்று கேட்டார் மாமா. “கொஞ்சம் நம்பிக்கை, கொஞ்சம் நரம்பு. ஊசி குத்துனா உடம்பே வலி மருந்து சுரக்குதுன்னும் கண்டுபிடிச்சிருக்காங்க” என்றார். மாமா யோசித்துவிட்டு, “எதுவா இருந்தா என்ன, பதினேழு படி ஏறிடுறேன்ல” என்றார்.

ஏறினார். நின்று நின்றுதான், ஆனால் ஏறினார். ஏற வேண்டிய அவசியம் எதுவும் இல்லை, மாடியில் பழைய கட்டிலும் முந்திரிச் சாக்கும்தான். சாயங்காலக் காற்றுக்காகப் போவார். மூச்சு முட்டும்போது அவருக்குப் பெரிய எதிரி பயம். பயந்தால் மூச்சு இன்னும் வேகமாகும், வேகமானால் இன்னும் பயம். கையில் செய்வதற்கு ஒரு வேலை இருந்தால் அந்தச் சுற்று ஓரிடத்தில் அறுகிறது. நெஞ்சில் ஒட்டிய ஊசியை நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன். அத்தையின் பனையோலை விசிறியும் அதே வேலையைச் செய்தது. முகத்துக்கு நேராக, மூக்குக்கும் கன்னத்துக்கும் காற்றுப் படும்படி விசிறினால் மூச்சு முட்டல் தணியும் என்று வலி தணிப்புப் பிரிவில் சொல்லிக் கொடுத்தார்கள். அதற்கும் ஆய்வு உண்டு. விசிறிக்கு விலை முப்பது ரூபாய்.

கடைசி மூன்று மாதம் மார்பின் இல்லாமல் ஓடவில்லை. முதலில் அவர் மறுத்தார். மார்பின் என்றால் சாகப் போகிறவனுக்குக் கொடுப்பது, பழகிவிடும் என்று அவருக்குள் இருந்தது. இந்த இடத்தில் டாக்டரம்மா செய்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். தன் ஊசியை முன்னால் வைத்து மார்பினைத் தள்ளவில்லை. “ஊசி பகலுக்கு, மார்பின் ராத்திரிக்குன்னு வச்சுக்குங்க ஐயா” என்று அவரே பேசி ஒப்புக்கொள்ள வைத்தார். அன்று இரவு மாமா ஆறு மணி நேரம் படுத்துத் தூங்கினார். அதற்கு முன் இரண்டு மாதமாக நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் தூக்கம்.

ஒருநாள் ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது அத்தை டாக்டரிடம் மெதுவாகக் கேட்டார். “அவரு வேலை விட்டு வந்ததும் சட்டையை நான்தான் உதறித் துவைப்பேன். பதினாலு வருஷம். எனக்கும் வருமா?”

1965-இல் லண்டனில் மியூரியல் நியூஹவுஸ், ஹில்டா தாம்சன் என்ற இருவர் மீசோதீலியோமா நோயாளிகள் 76 பேரின் வாழ்க்கையைத் தோண்டிப் பார்த்தார்கள். அதில் ஒன்பது பேர் கல்நார் வேலையே பார்க்காதவர்கள், வீட்டில் வேறு யாரோ அந்த வேலை பார்த்தார்கள். பெரும்பாலும் கணவரின் உடுப்பைத் துவைத்த பெண்கள். வேறு பதினோரு பேர் கல்நார் ஆலைக்கு அரை மைல் சுற்றளவில் குடியிருந்தவர்கள், அவ்வளவுதான். நான் இதைப் படித்திருந்தேன். அத்தையிடம் சொல்லவில்லை. டாக்டரம்மா மழுப்பவும் இல்லை, பயமுறுத்தவும் இல்லை. “வாய்ப்பு கம்மிதான், ஆனா இல்லாம இல்ல. வருஷம் ஒரு தடவை நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துக் காட்டுங்க, இருமலோ மூச்சு முட்டலோ வந்தா வேலை விஷயத்தை நீங்களே முதல்ல சொல்லிடுங்க” என்றார். அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “எனக்கும் அந்தக் கைப்புள்ளியில ஒரு ஊசி போட்டுவிடேன், தலை வலிக்குது” என்று கையை நீட்டினார்.

மாமா 2019 ஆனியில் போனார், நோய் தெரிந்து பதினான்காம் மாதம். நெஞ்சில் அப்போது ஊசி இல்லை, ஒரு வாரம் முன்பே எடுத்திருந்தார்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அந்த ஹீலர் வந்திருந்தார். யார் சொல்லி வந்தாரோ தெரியாது. கைகூப்பிவிட்டு, என்னை ஓரமாக அழைத்து, வருத்தத்தோடுதான் சொன்னார், நடிப்பு இல்லை: “அப்பவே நான் சொன்ன மாதிரி மருந்தை மொத்தமா விட்டிருந்தா இன்னைக்கும் இருந்திருப்பாரு தம்பி.”

எனக்குள் 74, 60, 66 எல்லாம் வரிசையாக வந்து நின்றன. பின்னால் தண்ணீர்ச் செம்போடு அத்தை வந்தது தெரியவில்லை. அவருக்கும் காதில் விழுந்திருக்க வேண்டும்.

“நீங்க இன்னும் சாப்பிடலையா? கடைசிப் பந்தி, எலை போட்டாச்சு. உக்காருங்க” என்றார்.